குண்டு போடலாமா, வேண்டாமா? ஐஎஸ் விஷயத்தில் உலகம் நடத்திய விவாதம்

போன எபிசோடுக்கு வந்த மெயில்களில் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான். ஐஎஸ் மாதிரி ஒரு அமைப்பு கிளம்பினால் மற்ற நாடுகள் என்ன செய்யணும்? படையெடுக்கணுமா, ஒதுங்கி நிக்கணுமா, பேசிப் பார்க்கணுமா? இந்தக் கேள்வியை உலகம் ஏற்கெனவே ஒரு தடவை உட்கார்ந்து விவாதிச்சிருக்கு. அதனால் என் கருத்தை முதல்லயே சொல்லிடாம, அந்த விவாதம் எப்படிப் போச்சு, முடிவு எங்கே போய் நின்னுச்சு என்று பார்த்துட்டு வரலாம்.

2015 டிசம்பர் 2, லண்டன். பாரிஸ் தாக்குதலில் 130 பேர் செத்து மூணு வாரம்கூட ஆகலை. பிரிட்டன் நாடாளுமன்றம் சுமார் பத்து மணி நேரம் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பேசியது: சிரியாவில் இருக்கும் ஐஎஸ் மீது குண்டு போடலாமா, வேண்டாமா? பிரதமர் டேவிட் கேமரூன் போடணும் என்றார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் கூடாது என்றார். கார்பின் கட்சியிலேயே வெளியுறவுப் பொறுப்பில் இருந்த ஹிலரி பென் எழுந்து, பாசிசத்தை எதிர்க்கிற மரபு நம்முடையது, போடத்தான் வேண்டும் என்று பேசி உட்கார்ந்தார். சபையே கை தட்டியது. 397 பேர் ஆதரவு, 223 பேர் எதிர்ப்பு. சில மணி நேரத்திலேயே சைப்ரஸ் தளத்திலிருந்து விமானங்கள் கிளம்பி, கிழக்கு சிரியாவில் ஒரு எண்ணெய் வயலைத் தாக்கின.

அந்த விவாதத்தில் எனக்கு முக்கியமாப் பட்டது பென்னோட பேச்சு இல்லை, ஒரு எண். ஐஎஸ்ஸை எதிர்த்துத் தரையில் சண்டை போட சிரியாவில் சுமார் 70,000 மிதவாதப் போராளிகள் இருக்காங்க என்று கேமரூன் சொன்னார். யார் அவங்க, எந்த ஊர்ல இருக்காங்க, யார் பேச்சைக் கேப்பாங்க என்று உறுப்பினர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். தெளிவான பதில் வரலை. மேலே இருந்து குண்டு போடலாம் சார், கீழே இறங்கி ஊரைப் பிடிச்சு வெச்சுக்கப் போறது யாரு? அதைச் செய்றவங்களுக்குப் பதிலுக்கு என்ன தரப்போறீங்க? என்னைக் கேட்டால் மொத்தக் கதையும் இந்த ரெண்டு கேள்வியில் இருக்கு.

இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும். ஐஎஸ் 2014-ல் திடீர்னு முளைக்கலை. அதோட முந்தைய வடிவம் ஈராக்கில் ஒரு தடவை கிட்டத்தட்ட ஒழிஞ்சே போச்சு.

2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர், ஒரே ஆணையில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கான ஆட்கள், ஆயுதப் பயிற்சி உள்ளவர்கள், மறுநாள் வேலை இல்லை. அல்-காய்தாவின் ஈராக் கிளை இப்படிப்பட்ட சூழலில்தான் வளர்ந்தது. அன்பார் மாகாணத்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். ஆனால் போகப் போக அங்கிருந்த சுன்னி பழங்குடியினருக்கே அவர்களைப் பொறுக்க முடியலை. கடத்தல் வழிகளைப் பறிச்சாங்க, பெண் கேட்டு மிரட்டினாங்க, மறுத்த ஷேக்குகளைக் கொன்னாங்க. 2006-ல் ரமாதியில் அப்துல் சத்தார் அபு ரிஷா என்ற ஷேக் தலைமையில் பழங்குடிகள் கூடி, நேற்று வரைக்கும் தாங்கள் சுட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர்களோடு கை கோர்த்தார்கள். சஹ்வா என்று பெயர், விழிப்பு என்று அர்த்தம். அமெரிக்கா மாசம் சுமார் 300 டாலர் கொடுத்தது. உச்சத்தில் இதில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். அபு ரிஷா அடுத்த வருஷமே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார், ஆனாலும் இயக்கம் நிக்கலை.

பலன்? 2010 ஜூனில் அமெரிக்கத் தளபதி ரே ஓடியர்னோ, அமைப்பின் முக்கியத் தலைவர்கள் 42 பேரில் 34 பேர் கொல்லப்பட்டோ பிடிபட்டோ விட்டார்கள் என்று அறிவித்தார். ஜெயிச்சாச்சு.

எங்க தொழிலில் இதை டிக்கெட் க்ளோஸ் பண்றதுன்னு சொல்வோம். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, எரர் வரலை, க்ளோஸ். ஏன் வந்துச்சுன்னு யாரும் பார்க்கலை.

சஹ்வா ஆட்களில் ஐந்தில் ஒரு பங்கு பேரைப் பாதுகாப்புப் படைகளில் சேர்த்துக்கொள்வோம், மற்றவர்களுக்கு வேறு அரசு வேலை என்பது வாக்கு. பாக்தாத்தில் பிரதமராக இருந்த நூரி அல்-மாலிகி அவர்களைத் தனக்கு எதிரான ஒரு சுன்னிப் படையாகவே பார்த்தார். வேலை இழுத்தடிக்கப்பட்டது, சம்பளம் நின்றது, தலைவர்கள் சிலர் கைதானார்கள். 2011 கடைசியில் அமெரிக்கப் படையும் கிளம்பிப் போனது. மிச்சமிருந்த தீவிரவாதிகள் சஹ்வா ஆட்களைத் தேடித் தேடி வீட்டு வாசலில் சுட்டார்கள். 2013 ஏப்ரலில் ஹவிஜாவில் சுன்னி போராட்டக்காரர்கள் மீது அரசுப் படை புகுந்து சுட்டதில் பலர் இறந்தார்கள். அடுத்த முறை கறுப்புக் கொடி வந்தப்போ, எதிர்த்து நிற்க யாருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

2014 ஜூன் 10 அன்று மொசூல் விழுந்தது. சில நூறு பேர், அதிகபட்சம் ஓர் ஆயிரத்துச் சொச்சம் பேர் வந்த தாக்குதலுக்குப் பல மடங்கு பெரிய அரசுப் படை ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடியது. பல மடங்கு என்பது காகிதத்தில்தான். அதே வருஷம் நவம்பரில் புதிய பிரதமர் ஹைதர் அல்-அபாதி, வெறும் நாலு டிவிஷனில் மட்டும் 50,000 ஆவி வீரர்கள் இருப்பதாகச் சொன்னார். பெயர் இருக்கும், சம்பளம் போகும், ஆள் இருக்காது. அந்தப் பணம் அதிகாரிகள் பாக்கெட்டுக்கு.

நம்ம நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கு. திக்ரித் மருத்துவமனையில் மாட்டிக்கொண்ட 46 நர்ஸுகளை ஐஎஸ் மொசூலுக்குக் கொண்டுபோனது. அரசு சத்தமில்லாமல் பல வழிகளில் பேசியது. 2014 ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சியில் வந்து இறங்கினார்கள். அதே மொசூலில் பிடிபட்ட இந்தியக் கட்டுமானத் தொழிலாளர்கள் 40 பேரில் ஒருவர் மட்டும் தப்பி வந்து, மற்றவர்களைச் சுட்டுவிட்டார்கள் என்றார். அரசு அதை ஏற்கவில்லை, தேடிக்கொண்டே இருந்தது. 2018 மார்ச்சில்தான், மொசூல் பக்கத்தில் பாதூஷில் கிடைத்த புதைகுழியை டிஎன்ஏ சோதனை செய்து, 39 பேரும் இறந்துவிட்டதாக அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஒரே அமைப்பு, ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே சமயம். பேச்சுவார்த்தை பலிக்கும் என்று வாதிடுபவருக்கும் பலிக்காது என்று வாதிடுபவருக்கும் இதில் உதாரணம் கிடைக்கும்.

ஒதுங்கி நிக்கிறதுதான் சரி என்று சொல்பவர்களுக்கு ஒரு தேதி: 2014 ஆகஸ்ட் 3. அன்றைக்கு ஐஎஸ் சின்ஜாருக்குள் நுழைந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் யாசிதிகள், ரொம்பப் பழைய தனி மதத்தைச் சேர்ந்தவர்கள். காவலுக்கு இருந்த குர்து பெஷ்மெர்கா படை முன்கூட்டிச் சொல்லாமல் பின்வாங்கிவிட்டது. ஆண்களைச் சுட்டார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் சந்தையில் விற்றார்கள். ஒரு ஆய்வின் மதிப்பீட்டில் சுமார் 3,100 பேர் இறந்தார்கள், சுமார் 6,800 பேர் கடத்தப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் தண்ணீர்கூட இல்லாமல், கொளுத்தும் வெயிலில் மலை மேலே. ஈராக் நாடாளுமன்றத்தில் யாசிதி உறுப்பினர் வியான் தகீல் எங்களை அழிக்கிறார்கள் என்று கதறி அழுது, பேசும்போதே சரிந்து விழுந்தார். ஆகஸ்ட் 7 இரவு ஒபாமா தாக்குதலுக்கு அனுமதி கொடுத்தார்.

அந்த இடத்தில் குண்டு போட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். போடக்கூடாது என்பவர்கள் மலை மேலே இருந்தவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று சொல்லணும். ஆனால் அந்த மக்களை மலையிலிருந்து கீழே நடத்திக் கூட்டிவந்தது விமானங்கள் இல்லை. சிரியப் பக்கத்திலிருந்து வழி திறந்தவர்கள் குர்துகளின் ஒய்பிஜி படையும் பிகேகே அமைப்பினரும். பிகேகே அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கும் அமைப்பு! பட்டியல் போடுவதையே தீர்வாக நினைப்பவர்கள் இந்த ஒரு வாரத்தை நிதானமாப் படிக்கலாம்.

தன் ஆட்கள் சாகக்கூடாது, ஆனால் யாராவது தரையில் சண்டை போடணும். இதுதான் அமெரிக்காவின் நிலை. முதலில் சிரியப் போராளிகளைத் தாங்களே பயிற்சி கொடுத்து உருவாக்குவோம் என்று 500 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். 2015 செப்டம்பரில் செனட் குழு முன்னால் ஜெனரல் லாயிட் ஆஸ்டினிடம், அதில் எத்தனை பேர் இப்போ களத்தில் இருக்காங்க என்று கேட்டார்கள். நாலைந்து பேர் என்றார். நாலைந்தாயிரம் இல்லை, நாலைந்து.

இன்னொரு பக்கம் கோபானியில், மாதக்கணக்கில் தெருத்தெருவாகச் சண்டை போட்டு 2015 ஜனவரியில் ஐஎஸ்ஸை விரட்டியவர்கள் அதே குர்துகள். வேறு ஆள் இல்லாததால் அமெரிக்கா அவர்களையே கூட்டாளி ஆக்கியது. நேட்டோ கூட்டாளியான துருக்கிக்கு அவர்கள் எதிரிகள் என்று தெரிந்தே செய்தது. அந்த முரணை அப்புறம் பார்த்துக்கலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

பண விஷயத்தை மட்டும் சுருக்கமா. ஐஎஸ் எண்ணெய் விற்றது எல்லாருக்கும் தெரியும். மொசூலில் இருந்த ஆசிரியர், டாக்டர், குமாஸ்தா எல்லாருக்கும் பாக்தாத் அரசு 2015 நடுப்பகுதி வரை சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்தது, ஐஎஸ் அதில் பங்கு எடுத்துக்கொண்டது. நிறுத்தினால் குடும்பங்கள் பட்டினி, நிறுத்தாவிட்டால் எதிரிக்கு வரவு. கடைசியில் நிறுத்தினார்கள். 2015 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் 116 எண்ணெய் லாரிகளை அழித்தபோது, வண்டியை விட்டு ஓடிப் போங்கள் என்று முக்கால் மணி நேரம் முன்னாடி துண்டுச்சீட்டு போட்டார்கள். டிரைவர்கள் தீவிரவாதிகள் இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டுகிறவர்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

எல்லா இடத்திலும் அந்த நிதானம் இருக்கவில்லை. 2016 அக்டோபரில் தொடங்கிய மொசூல் சண்டை ஒன்பது மாதம் நடந்தது. 2017 மார்ச் 17 அன்று, கூரை மேல் நின்ற ரெண்டு ஸ்னைப்பர்களுக்காக ஒரு வீட்டின் மேல் போட்ட குண்டில், உள்ளே பதுங்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். வீட்டுக்குள் ஐஎஸ் வைத்திருந்த வெடிபொருளும் சேர்ந்து வெடித்தது என்பது அமெரிக்காவின் விளக்கம். ரக்காவில் கூட்டணியின் தாக்குதலில் 1,600-க்கும் அதிகமான பொதுமக்கள் இறந்ததாக ஆம்னஸ்டியும் ஏர்வார்ஸும் கணக்கிட்டன. கூட்டணி ஒப்புக்கொண்டது அதில் சிறு பகுதிதான். வேற வழி இருந்துச்சா என்று கேட்டால், ரக்காவிலேயே கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டுச் சில நூறு தீவிரவாதிகளைக் குடும்பத்தோடு பஸ்களிலும் லாரிகளிலும் வெளியே விட்டார்கள். நகரம் தரைமட்டமான பிறகு செஞ்சதை முன்னாடியே செஞ்சிருந்தால்? அவங்க வேறு ஊரில் போய் மறுபடி சண்டை போட்டிருப்பாங்க என்பதும் உண்மை. இதில் எனக்கு இன்னும் தெளிவு வரலை.

2019 மார்ச் 23 அன்று பாகூஸ் கிராமத்தோடு ஐஎஸ் ஆண்ட கடைசி நிலமும் போனது. குர்துகள் தலைமையிலான சிரிய ஜனநாயகப் படை, இந்தப் போரில் தங்கள் தரப்பில் சுமார் 11,000 பேர் இறந்ததாகச் சொன்னது. ஏழு மாதம் கழித்து, அக்டோபரில், டிரம்ப் எல்லையிலிருந்து அமெரிக்க வீரர்களை விலக்கினார். அக்டோபர் 9 அன்று துருக்கிப் படை உள்ளே வந்தது. சஹ்வாவுக்கு நடந்தது ஞாபகம் வருதா? அங்கே வாக்கு கொடுத்துட்டு மறந்தாங்க. இங்கே முதல்ல இருந்தே தெளிவான வாக்கு எதுவும் கொடுக்கலை.

அப்புறம் கைதிகள். அல்-ஹோல் முகாமில் 2019-ல் 73,000 பேர் வரை இருந்தார்கள், பத்தில் ஒன்பது பேர் பெண்களும் குழந்தைகளும். பாதிக்கு மேல் குழந்தைகள். 2014-லேயே ஐநா பாதுகாப்புச் சபை, தங்கள் நாட்டுக்காரர்கள் ஐஎஸ்ஸில் போய்ச் சேராமல் தடுக்க எல்லா நாடுகளும் சட்டம் போடணும் என்று 2178-வது தீர்மானத்தை நிறைவேற்றியது. போறவங்களைத் தடுக்க அத்தனை ஒற்றுமை. திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டிய நேரம் வந்தப்போ பல நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. 15 வயதில் லண்டனிலிருந்து போன ஷமீமா பேகத்தின் குடியுரிமையை பிரிட்டன் பறித்தது. அவர் செய்தது சரி என்று நான் வாதாட வரலை. இங்கிலாந்தில் பிறந்து அங்கேயே வளர்ந்து படித்த ஒருவர் மீதான வழக்கை, போரில் பாதி இழந்த குர்துகள் தலையில் கட்டியதைத்தான் சொல்றேன். 2024-ல்கூட அந்த முகாமில் சுமார் 40,000 பேர் இருந்தார்கள்.

வேற மாதிரியும் நடந்திருக்கு. ஈராக்கும் சிரியாவும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர்கள் இல்லை, அதனால் ஹேக்கில் வழக்கு நகரவில்லை. ஆனால் ஜெர்மனி, இனப்படுகொலை எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற தன் சட்டத்தை எடுத்தது. ஃபலூஜாவில் ஐந்து வயது யாசிதிச் சிறுமியை அடிமையாக வாங்கி, வெயிலில் ஜன்னலில் கட்டிப்போட்டுச் சாகவிட்ட ஓர் ஈராக்கியரை, கிரீஸிலிருந்து பிடித்து வந்து ஃப்ராங்க்ஃபர்ட்டில் நிறுத்தியது. கூடவே அடிமையாக இருந்து உயிர் தப்பிய அந்தக் குழந்தையின் அம்மா கோர்ட்டில் சாட்சி சொன்னார். 2021 நவம்பர் 30 அன்று, யாசிதிகளுக்கு எதிரான குற்றத்துக்காக உலகில் முதல்முறையாக ஒருவர் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. தீர்ப்பைக் கேட்டு அந்த ஆள் மயங்கி விழுந்தார், கொஞ்ச நேரம் கோர்ட்டை நிறுத்தி வைத்தார்கள். கடத்தப்பட்ட யாசிதிகளில் 2,500-க்கும் மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்பது அப்போதும் தெரியாது.