பதநீர், கள், இன்சுலின்: மதுரையில் படித்த ஒரு சர்க்கரைக் கிருமியின் கதை

1/ கலயத்தில சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாம விட்டா கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா சர்க்கரை வந்ததும் கிருமி தன்னோட எந்த ஜீனைத் திறக்கணும், எதை மூடணும்னு எப்படி முடிவு பண்ணுது? இந்தக் கேள்விக்கு நம்ம மதுரையிலும் பல வருஷம் வேலை நடந்திருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ முதல்ல பாரிஸ். 1941-ல ழாக் மோனோ தன்னோட ஆய்வேட்டை முடிக்கிறார். பாக்டீரியாவுக்கு ரெண்டு வகைச் சர்க்கரையைக் கலந்து கொடுத்தா, முதல்ல ஒண்ணை மட்டும் தின்னு வளருது. அது தீர்ந்ததும் வளர்ச்சி கொஞ்ச நேரம் நிக்குது. அப்புறம் ரெண்டாவதைத் தின்ன ஆரம்பிக்குது. நடுவில ஏன் அந்த இடைவெளி?

3/ பதில் கிடைக்க 20 வருஷம் ஆச்சு. 1961-ல ஃப்ரான்சுவா ஜேக்கப்பும் மோனோவும் சொன்ன விளக்கம் இது. நம்ம குடல்ல இருக்கிற ஈ.கோலை கிருமியில பால் சர்க்கரையை (லாக்டோஸ்) உள்ளே இழுக்கிற ஜீனும், அதை உடைக்கிற ஜீனும் பக்கத்துப் பக்கத்தில இருக்கு. ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச். பேரு லாக் ஓபரான்.

4/ லாக்டோஸ் இல்லாதப்ப ஒரு புரதம் அந்த டிஎன்ஏ மேல உட்கார்ந்து வழியை அடைச்சிடும். அதுதான் ரெப்ரஸர். லாக்டோஸ் வந்தா அதிலிருந்து உருவாகிற பொருள் ரெப்ரஸரைப் பிடிச்சுக் கழட்டிவிடும், ஜீன் வேலை செய்யும். ஆனா குளுக்கோஸ் இருக்கிற வரைக்கும் இந்த ஜீன்கள் மந்தமாத்தான் ஓடும். சுலபமான சாப்பாடு கையில இருக்கும்போது எதுக்கு வீணா என்சைம் செய்யணும்? 1965-ல ஜேக்கப், மோனோ, ல்வோஃப் மூணு பேருக்கும் நோபல்.

5/ இது வெறும் பாடப்புத்தக விஷயம்னு நினைக்காதீங்க. 1978-ல மனித இன்சுலின் ஜீனை ஈ.கோலைக்குள்ள வச்சப்போ, அதை இந்த லாக் ஜீனோட ஒட்டித்தான் வச்சாங்க. கிருமியோட சுவிட்சைப் போட்டா இன்சுலின் வந்தது. 1982-ல அது மருந்தா அனுமதி வாங்கிச்சு. அதுக்கு முன்னாடி பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்தான். (இப்போ ஈஸ்ட்லயும் தயாரிக்கிறாங்க.)

6/ இப்ப மதுரைக்கு வருவோம். நம்ம ஹீரோ பேரு சைமோமோனாஸ் மொபிலிஸ். 1920-களில் மெக்சிகோவோட கற்றாழைக் கள்ளான புல்கேயில கண்டெடுத்தாங்க. பனை வகை மரத்துக் கள்ளிலும் இருக்கு. கள்ளுக்குள்ள ஈஸ்ட், வேற பாக்டீரியாக்களோட சேர்ந்து இதுவும் சர்க்கரையைச் சாராயமா மாத்துது.

7/ ஈ.கோலை சிக்கனக்காரன்னா, இவன் அவசரக்காரன். ஒரு குளுக்கோஸ்ல ஈஸ்ட்டுக்கு 2 ஏடிபி கிடைக்கும், இவனுக்கு 1 தான். அதனால வேகமாவும் நிறையவும் தின்னாத்தான் பிழைக்க முடியும். உடம்பில கரையும் புரதத்தில ஏறக்குறைய பாதி, சர்க்கரையைச் சாராயமாக்குற என்சைம்கள்தான்! குளுக்கோஸை உள்ளே விடுற ஜீனும், அதைப் பக்குவம் பண்ற மூணு ஜீன்களும் வரிசையா ஒரே இடத்தில இருக்குன்னு 1990-ல அமெரிக்காவில கண்டாங்க.

8/ ஆனா பதநீர்ல, கரும்புச் சாறுல இருக்கிறது பெரும்பாலும் சுக்ரோஸ். அதை முதல்ல குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு உடைக்கணும். இந்த இடத்தைத்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில பேராசிரியர் ப. குணசேகரன் குழு எடுத்துக்கிச்சு. ஃப்ரெஞ்சு ஆய்வாளர் பராத்தியோட சேர்ந்து, 1990-ல சுக்ரோஸை உடைக்கிற சாக்-ஏ ஜீனைப் பிரிச்செடுத்து அதன் எழுத்து வரிசையைப் படிச்சாங்க. 1995-ல சாக்-பி, சாக்-சி ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில கூட்டா இருக்குன்னு காட்டினாங்க.

9/ இதில என்ன சிக்கல்? சாக்-பி செய்ற என்சைம் சுக்ரோஸை உடைச்சு, ஃப்ரக்டோஸைக் கோத்து லெவான்னு ஒரு பசையைச் செய்யும். சாக்-சி வெறுமனே உடைக்கும். எரிபொருள் எத்தனால் வேணும்கிறவருக்கு லெவான் நஷ்டம். லெவான் வேணும்கிறவருக்கு சாக்-சி போட்டி. 2004-ல மதுரைக் குழு சாக்-சி ஜீனை முடக்கினாங்க, லெவான் கூடிச்சு. 2009-ல பர்மிங்ஹாமின் ஸ்டீவ் பஸ்பியோட சேர்ந்து, இந்த ஜோடி ஜீன்களை ஓட்ட ஒண்ணுக்கு மேற்பட்ட தொடக்கப் புள்ளிகள் இருக்குன்னும், அதிலிருந்து வர்ற ஆர்என்ஏ எவ்வளவு நேரம் நிலைக்குதுன்னும் ஆராய்ஞ்சாங்க. 1961-ல பாரிஸ் கேட்ட அதே கேள்வி, வேற கிருமியில.

10/ "அரசுப் பல்கலைக்கழகத்தில என்ன சார் ஆராய்ச்சி நடக்குது?"னு கேட்கிறவங்களுக்கு இதைக் காட்டுங்க. பாரிஸ்ல மோனோ ஆரம்பிச்சப்போ இன்சுலின் யார் மனசிலும் இல்ல. சர்க்கரை தின்கிற கிருமியைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க, மருந்து 40 வருஷம் கழிச்சு வந்தது. இந்த மாதிரி வேலைக்கு ஆளும் பணமும் பொறுமையும் வேணும். நிதியை நிறுத்திட்டு அப்புறம் பலனைக் கேட்கக் கூடாது.

11/ கடைசியா டாக்டரா ஒரு வார்த்தை. "பதநீர் இயற்கைதானே, சுகர் இருந்தா குடிக்கலாமா?"ன்னு கேட்கிறாங்க. சுண்ணாம்பு கிருமியைத் தடுக்குது. கிருமி தின்னலைன்னா சர்க்கரை அப்படியே இருக்கும்னுதானே அர்த்தம்! பதநீர்ல 10%-க்கு மேல சுக்ரோஸ். 200 மி.லி. டம்ளர்ல 20 கிராமுக்கு மேல, அதாவது நாலஞ்சு டீஸ்பூன் சர்க்கரை. இன்சுலின் போடுறவங்க, மாத்திரை எடுக்கிறவங்க இதையும் கணக்கில சேர்த்துக்குங்க. மண்டை வெயில்ல தாகத்துக்குத் தண்ணியோ மோரோ போதும்.