நூற்றுப் பத்தொன்பது இதழ்கள்

சென்ற பருவத்தில் முதுகலை வகுப்பில் புதுக்கவிதையின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "யார் படிப்பார்கள் என்றே தெரியாமல் இவர்களெல்லாம் எப்படி ஐயா விடாமல் எழுதினார்கள்?" என்று கேட்டார். அவர் கவிதை எழுதுகிறவர் என்பதும், ஓராண்டாக ஒரு வரியும் எழுதவில்லை என்பதும் பிறகுதான் தெரியவந்தது. பாடத்திட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. 'எழுத்து' இதழ், தொடக்கம் 1959 ஜனவரி, ஆசிரியர் சி.சு. செல்லப்பா என்று இரண்டு மதிப்பெண்ணுக்குரிய விடையைச் சொல்லிவிட்டு மேலே போய்விடலாம். பல ஆண்டுகள் அப்படித்தான் போயிருக்கிறேன். அன்று முடியவில்லை. நாவல் என்று தொடங்கிய நாற்பது பக்கங்களைப் பதினோரு ஆண்டுகளாகப் பீரோவுக்குள் பூட்டி வைத்திருப்பவனுக்கும் உரிய கேள்வி அது.

செல்லப்பா 1912இல் சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுச் சிறை சென்றவர். மணிக்கொடியில் வந்த 'சரஸாவின் பொம்மை' அவரைச் சிறுகதையாளராக நிலைநிறுத்தியது. பிறகு பத்திரிகைப் பணி. இதற்குமேல் வாழ்க்கைக் குறிப்பு இங்கே தேவையில்லை. நம் கேள்விக்கு வேண்டியது, நாற்பத்தாறு வயதில் நிலையான வருமானம் ஏதுமில்லாத ஒரு மனிதர் எதை நம்பி ஒரு மாத இதழைத் தொடங்கினார் என்பதுதான்.

அவர் முன்வைத்த நோக்கம் தெளிவானது: தமிழில் இலக்கிய விமர்சனம் வளர வேண்டும். ஐம்பதுகளில் சிறுகதை தேங்கிவிட்டதா என்ற விவாதம் எழுந்தபோது, அவரும் க.நா. சுப்ரமண்யமும் சுதேசமித்திரனில் எழுதினார்கள். பெரும்புகழ் பெற்ற தொடர்கதைகளின் காலம் அது. தரம் பற்றிப் பேசுவதற்கே ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தைப் பிறர் தருவார்கள் என்று காத்திராமல் திருவல்லிக்கேணியில் தம் வீட்டிலிருந்தே அவர் அமைத்துக்கொண்டார். இரண்டாயிரம் பிரதிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்பது அவரே விதித்துக்கொண்ட வரம்பு. விற்பனை பெருகினால் நோக்கம் கெட்டுவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வணக்கமும் வருகிறது. அவ்வளவு அஞ்சியிருக்க வேண்டியதில்லை. சந்தாதாரர்கள் சில நூறு பேரைத் தாண்டவே இல்லை.

இந்த வரலாற்றில் நான் மிகவும் வியப்பது ஒன்றுண்டு. விமர்சனத்துக்காகத் திறந்த கதவு வழியாக உள்ளே வந்தது கவிதை.

மணிக்கொடிக் காலத்தில் யாப்பை மீறி எழுதத் தொடங்கிய ந. பிச்சமூர்த்தி, நாற்பதுகளின் பிற்பகுதியிலிருந்து கவிதைப் பக்கம் வராமலே இருந்தார். 'எழுத்து' தன் தொடக்க இதழ்களில் அவருடைய பழைய கவிதையை மறுபிரசுரம் செய்தது. அதைப் படித்தவர்களில் சிலர் தாமும் எழுதி அனுப்பினார்கள். அனுப்பியதற்கு அடுத்த மாதம் ஓர் இதழ் வரும் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற பிரமிள் எழுதினார். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் கவிதை அனுப்பினார். சி. மணியும் எஸ். வைதீஸ்வரனும் அங்கே உருவானார்கள். வெங்கட் சாமிநாதன் விமர்சகராக அறிமுகமானதும் அங்கேதான். மூத்தவரான பிச்சமூர்த்தியே மீண்டும் கவிதைக்குத் திரும்பினார். நான்கே ஆண்டுகளில், 1962இல், 24 கவிஞர்களின் 63 கவிதைகள் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பாயின.

இவர்கள் எல்லோரும் எப்படியும் எழுதியிருப்பார்கள் என்று சிலர் வாதிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. திறமை இருப்பது வேறு, அடுத்த மாதம் ஓர் இடம் காத்திருக்கிறது என்று அறிந்து உட்கார்ந்து எழுதுவது வேறு. செல்லப்பா எதிர்பார்த்தது கட்டுரைகளை. கிடைத்ததோ வேறொன்று. அவர் இடையில் சலித்து ஆறாவது இதழோடு நிறுத்தியிருந்தால், அந்த வேறொன்று வந்து சேர்வதற்கு நேரமே இருந்திருக்காது.

அவரும் மற்றவர்களிடம் வாங்கிப் போடுகிறவராக மட்டும் இருந்துவிடவில்லை. 'ஜீவனாம்சம்' நாவல் 'எழுத்து'வில் தொடராக வந்தது. ஒரு கதையையோ கவிதையையோ சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் தம் அலசல் முறையை இதழ்தோறும் பயின்றார். சில கட்டுரைகள் இன்று படிக்கச் சற்று வறட்சியாகவே இருக்கின்றன. அத்தனையும் மேதைமையின் வெளிப்பாடு என்று சொல்ல மாட்டேன். இராட்டையை நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். இன்று நூல் சீராக வரவில்லை என்பதற்காக நாளை இராட்டையை எடுக்காமல் இருப்பதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாம் பெருமையோடு திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகளில் அவர் மனைவியின் நகைகள் இருக்கின்றன. காகிதப் பூக்களும் பொம்மைகளும் செய்து விற்ற நாட்கள் இருக்கின்றன. எழுத்து பிரசுர நூல்களைப் பைகளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் ஆசிரியர்களிடம் விற்றது இருக்கிறது. ஒரு கல்லூரி ஆசிரியனாக இந்தக் கடைசிச் செய்தி எனக்குக் கூச்சம் தருகிறது. வறுமையை இலக்கியத் தகுதியாக்கிப் பாராட்டும் பழக்கம் நமக்கு உண்டு. அது வாங்கிப் படிக்காதவர்கள் தம் குற்றத்தை மறைத்துக்கொள்ளும் வழி. எழுதுகிறவன் வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு எழுத வேண்டும் என்று அந்த மாணவியிடம் என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை.

மாத இதழாக இருந்தது கடைசியில் காலாண்டிதழாகி, 119 இதழ்களோடு 1970இல் 'எழுத்து' நின்றது. கணக்குப் பார்த்தால் தோல்விதான். ஆனால் செல்லப்பாவின் எழுத்து அதோடு நிற்கவில்லை என்பதைத்தான் அன்று வகுப்பில் சற்று நீட்டியே சொன்னேன். ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய, ஜல்லிக்கட்டுக் களத்தில் ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிடும் 'வாடிவாசல்' ஒன்றே அவர் பெயரைக் காக்கப் போதுமானது. அவர் அதோடு அமைதியடையவில்லை. தாம் கண்ட விடுதலைப் போராட்டத்தை எழுதியாக வேண்டும் என்ற கடன் அவருக்குப் பாக்கியிருந்தது. மூன்று பாகங்கள் கொண்ட 'சுதந்திர தாகம்' 1997இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. 'வாடிவாசல்' போன்ற இறுக்கம் அதில் இல்லை. தகவல்கள் கதையை அழுத்தும் இடங்கள் பல. ஆயினும் அந்த வயதில் அந்தப் பக்கங்களை நாள்தோறும் எழுதிச் சேர்த்த கையை நினைத்துக்கொண்டுதான் நான் அந்நாவலைப் படித்து முடித்தேன்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு விளக்கு விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. பணத்தை அவர் கையில் வாங்கவில்லை. அதைக்கொண்டு தம் நூல் ஒன்றை அச்சிடும்படி கேட்டுக்கொண்டார். அப்படி வந்தது 'என் சிறுகதைப் பாணி'. 1998 டிசம்பரில் அவர் காலமானார். 'சுதந்திர தாகம்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 2001இல்.

வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகும் அந்த மாணவி நின்றிருந்தார். 'வாடிவாசல்' நூலகத்தில் இருக்குமா என்று கேட்டார். என் பிரதியைக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது அதனுள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. கவிதை சுமார்தான். அடுத்த திங்கட்கிழமை இன்னொன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நானும் ஏதாவது கொண்டுவர வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.