மீனுக்குப் போடுற ஐஸ்

இந்த மே மாசம் எங்க வீட்டு ஃப்ரீசர்ல வேற எதுக்கும் இடமில்லை. வியாசர்பாடி வெயிலுக்கு நானும் பொண்ணும் சேர்ந்து ஐஸ் செய்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் நன்னாரி. சர்க்கரையைக் குறைத்தோம், செங்கல் மாதிரி இறுகிவிட்டது. மறுமுறை அள்ளிக் கொட்டினோம், விடிந்தும் கூழாகவே இருந்தது. சர்க்கரை கூடக் கூட, தண்ணீர் உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். மூன்றாவதாக மாம்பழக் கூழ். அரை மணிக்கு ஒருதரம் முள்கரண்டியால் சுரண்டிவிட்டதில் பூப்பூவாக வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து ருசி பார்த்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "காய்ச்சின தண்ணியாடா?"

அந்தக் கேள்விக்கு ஒரு பின்கதை உண்டு. என் சின்ன வயசில் தெருவில் வரும் வண்டிக்காரர் ஐஸ் கட்டியைச் சீவி, குச்சியில் அமுக்கி, சிவப்புச் சாயத் தண்ணி ஊற்றித் தருவார். எனக்கு மட்டும் தடை. "அது காசிமேட்டுல மீனுக்குப் போடுற ஐஸ்டா" என்பார் அம்மா. ஒருநாள் திருட்டுத்தனமா சாப்பிட்டேன். அந்தக் கோடையிலேயே மஞ்சள் காமாலை வந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகும் படுத்துக் கிடந்தேன். காரணம் ஐஸ்தானா, தெரியாது. பழி ஐஸ் மேல் விழுந்தது.

ஆனா சென்னைக்கு முதலில் கப்பலில் வந்த ஐஸ், குடிக்கிற பானத்துக்கான ஐஸ்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளைப் பாளம் பாளமாக அறுத்து ஏற்றுமதி செய்தார். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸோடு கிளம்பியது. நாலு மாசம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோதும் சுமார் 100 டன் மிச்சம். வெப்பம் உள்ளே போகாமல் தடுக்க மரத்தூள் போன்றவற்றைப் பயன்படுத்தினார்கள். இன்னொரு காரணமும் உண்டு: ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் தேவை. பெருங்குவியல் லேசில் கரையாது.

சென்னைக்கு வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். வால்டன் ஏரிக்கரையில் வாழ்ந்த தோரோ, தன் ஏரித் தண்ணீரைச் சென்னைவாசிகள் குடிப்பதைப் பற்றி 1854-ல் வெளியான 'வால்டன்' நூலிலேயே எழுதியிருக்கிறார். குடித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் வசதிக்காரர்களும்தான்.

1870-களில் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் வியாபாரம் படுத்தது. கடுங்குளிரான உப்புத் தண்ணீரில் தகர டின்களை இறக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கட்டியாகும். அமோனியா குளிர்விக்கும், உப்பு நீர் குளிரைக் கடத்தும். விலை இறங்கியது, ஐஸ் தெருவுக்கு வந்தது. கூடவே, எந்தத் தண்ணீர் என்ற கேள்வியும் வந்தது.

ஐஸ் கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறதே, கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே உறையும்போது, கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுவுக்குத் தள்ளப்படுகின்றன. ஆனா கிருமிகள் அப்படி ஒதுங்கிச் சாவதில்லை. பல கிருமிகள் உறைந்தும் உயிரோடிருக்கும். மீனைக் கெடாமல் வைக்கும் ஐஸுக்குக் குடிநீர்த் தரம் தேவைப்படுவதில்லை என்று நினைத்துச் செய்ததை, குழந்தை வாயில் வைத்தால் என்ன ஆகும்? 2018-ல்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சாப்பிடக் கூடாத ஐஸை நீல நிறத்தில் தயாரிக்கச் சொன்னது. அம்மா அதற்குப் பல வருஷம் முன்பே சொல்லிவிட்டார்.

ஐஸ் வண்டிக்காரரை நான் குறை சொல்லவில்லை. கிடைத்த கட்டியைத்தான் அவர் சீவினார். குளிர் எல்லோருக்கும் மலிவாகக் கிடைத்துவிட்டது. நல்ல தண்ணி அந்த வேகத்தில் வடசென்னைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"காய்ச்சி ஆற வச்ச தண்ணிதான்மா" என்றேன். அம்மா இன்னொரு கிண்ணம் கேட்டார்.