லெகோ மாதிரிகளில் மின்விளக்கு அமைத்தல்

லெகோ பிளாக்குகளால் சொந்தமாக வடிவமைத்துக் கட்டும் மாதிரிக்குள் சிறு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி, கம்பிகளை வெளியே தெரியாமல் கொண்டுசெல்லும் கைவேலை. சேலையூர், தாம்பரம் பகுதி வீடுகளில் நவராத்திரிக் கொலுவுக்குப் பார்க் அமைப்போருக்கும் இது உதவும்.

கம்பிப் பாதை

லெகோ பிளாக்கின் இன்றைய வடிவத்துக்கு 1958 ஜனவரி 28இல் டென்மார்க்கில் காப்புரிமை கோரப்பட்டது. அதில் அடுத்தடுத்த இரு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. தூரம் உண்டு. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. மீதமுள்ள 3.2 மி.மீ. இடைவெளியில்தான் கம்பி ஓட வேண்டும். மேலே வரும் பிளாக்கின் சுவர் அதை அழுத்தும் என்பதால், சுமார் 0.1 மி.மீ. பருமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியே பொருந்தும். குமிழின் தலைமேல் கம்பி கிடந்தால் பிளாக் சரியாக உட்காராது.

வீடு கட்டும்போது கான்கிரீட் போடும் முன்பே ஒயரிங் பைப்பைப் பதித்துவிடுவார்கள். இங்கும் அதே முறைதான். அடித்தளத்திலிருந்தே பாதையைத் தீர்மானித்து, ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் விளக்கை எரியவிட்டுப் பார்க்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கம்பி நுழைக்க முயன்றால் மாதிரியைக் கலைக்க நேரும்.

மின்சாரம்

5 வோல்ட் யு.எஸ்.பி. மின்சாரம் போதும். வெள்ளை எல்.இ.டி. ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள 2 வோல்ட்டை 220 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால், விளக்கில் ஏறத்தாழ 9 மில்லி ஆம்பியர் ஓடும். விளக்குகளைப் பக்க இணைப்பில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வைத்தால், ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும். ஓரிரு விளக்கு மட்டும் எரியும்போது மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். செல்போன் சார்ஜரில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பொருள்களும் இணைப்பும்

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எல்.இ.டி., ரெசிஸ்டர், சால்டரிங் சாமான்கள் சில்லறையாகக் கிடைக்கும். 1.6 × 0.8 மி.மீ. அளவுள்ள ‘0603’ வகை எல்.இ.டி. ஒரு குமிழின் மேல் அடங்கிவிடும். சால்டரிங் செய்யும் முன் கம்பி நுனியிலுள்ள எனாமலைச் சுரண்டி நீக்க வேண்டும். பிளாக்கின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். சால்டரிங் முனையோ 300 டிகிரியைத் தாண்டும். அதனால் இணைப்பு வேலையை மாதிரிக்கு வெளியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு

கொலுப்படியைச் சுற்றும் சீரியல் செட் நேராக 230 வோல்ட்டில் எரிவது. அதன் கம்பியை மாதிரிக்குள் நுழைக்கக் கூடாது. குழந்தைகள் கை வைக்கும் பொருளுக்கு 5 வோல்ட்டைத் தாண்டாமல் இருப்பதே நல்லது.