பட்டிமன்றம்

பொங்கல் காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் காதில் விழும் சொல் இது. ஆனால் இதன் பழைய வடிவம் ‘பட்டிமண்டபம்’. அறிஞர்கள் கூடி வாதிடும் கூடம் என்பது பொருள். புகாரில் இருந்த பட்டிமண்டபம் சோழனுக்கு மகத மன்னன் கொடுத்தது என்கிறது சிலப்பதிகாரம். மாணிக்கவாசகரும் கம்பரும்கூட இச்சொல்லை ஆண்டிருக்கிறார்கள்.

மண்டபம் பிற்காலத்தில் மன்றம் ஆயிற்று. மன்றம் என்பது ஊரார் கூடும் பொதுவிடம். வழக்குத் தீர்ப்பதும் அங்கேதான். இன்றைய பட்டிமன்றத்தில் நடுவரும் இரண்டு அணியும் கடைசியில் தீர்ப்பும் இருப்பது அந்தப் பொருளோடு பொருந்திப் போகிறது. கம்பன் விழா மேடைகளில் இலக்கிய வாதமாக வளர்ந்த இது, பிறகு மாமியார், மருமகள், செல்போன் வரை இறங்கி வந்தது.

அன்றாட அரசியலைப் பேசும் இரவு நிகழ்ச்சிக்கோ ‘விவாதம்’ என்று பெயர். ‘வாதம்’ என்ற வடசொல்லுக்குப் பேச்சு என்பதே அடிப்படை. முன்னால் ‘வி’ சேர்ந்ததும் அது மாறுபட்டுப் பேசுவதாகிறது. அங்கே நெறியாளர் உண்டு, தீர்ப்பு இல்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் நமக்கு எதுவும் கேட்பதில்லை.

மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன் சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறான். கையோடு இன்னொன்றும் சொல்கிறான்: பகைவரோடும் சினமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள். வாதத்துக்கு அழைத்த அதே வாய்தான் சண்டையையும் விலக்கியது.