பஞ்சுத் தூசும் பருத்திமார்ப் புகையும்

திருமங்கலம், பேரையூர் வட்டாரக் கரிசலில் விளைந்த பருத்தியும், 1875இல் மதுரையை எட்டிய இருப்புப்பாதையும் சேர்ந்தே இந்நகரை ஆலை நகரமாக்கின. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் நிலையத்துக்கு அருகே எழுந்தது. கருமுத்து தியாகராசரின் மீனாட்சி மில் அதற்குப் பின் வந்தது. இவ்வாலைகளின் வரலாறு பெரும்பாலும் கூலி, வேலைநிறுத்தம், தொழிற்சங்கம் என்ற வழியிலேயே எழுதப்படுகிறது. உழைத்தவரின் மூச்சுக்கும் அதில் இடம் இருந்தாக வேண்டும்.

பேல்களைப் பிரித்து, சருகும் விதைத்துணுக்கும் உதிரப் பஞ்சை அடிக்கும் புளோ ரூமிலும், கம்பிப் பற்கள் பதித்த உருளைகளால் இழைகளைச் சீவும் கார்டிங் பகுதியிலும்தான் தூசு மிகுதி. அங்கு ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்கு, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். நாளடைவில் அவ்விறுக்கம் வாரம் முழுவதும் நீடித்து, மூச்சுக்குழல்கள் மீளாதபடி சுருங்கிவிடும். இந்தப் பஞ்சுத்தூசு நோய்க்கு 1877இல் பிசினோசிஸ் என்று பெயரிட்டவர், நாவலாசிரியர் மார்செல் புரூஸ்தின் தந்தையாகிய மருத்துவர் அத்ரியான் புரூஸ்த். பிரிட்டன் தன் நாட்டுப் பஞ்சாலைத் தொழிலாளர்க்கு 1940களிலேயே இந்நோய்க்காக இழப்பீடு வழங்கத் தொடங்கியது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும், கண்டறியும் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக அது இடம்பெற்றது.

தூசும் பீடிப்புகையும் தொடங்கிவைக்கும் இச்சுருக்கம் முற்றிய நிலையே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் எனப்படுகிறது. அதன் சுமை இறுதியில் இதயத்தின்மேல் விழுகிறது. காற்று போய்ச் சேராத நுரையீரல் பகுதிகளில் இரத்தக்குழாய்கள் தாமே இறுகிக்கொள்ளும் என்பதை 1946இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்லரும் லில்யெஸ்திராண்டும் பூனைகளிடம் செய்த சோதனையில் காட்டினர். சிறு பகுதி பழுதுபட்டால் இரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும் இவ்வேற்பாடு, நுரையீரல் முழுவதும் பழுதுபடும்போது எங்கும் இறுக்கமாகி, இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. ஓய்வில் சராசரியாக 14 மி.மீ. பாதரச அளவில் இருக்கவேண்டிய அவ்வழுத்தம் 20ஐக் கடந்தால் அது நுரையீரல் உயர் இரத்த அழுத்தம். அடைப்பு நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் அது மிதமாகவே உயர்ந்தாலும், அந்த அழுத்தத்தை எதிர்த்து ஓயாது தள்ளும் வலது கீழறை தடித்து, விரிந்து, தளர்கிறது. கழுத்துச் சிரை புடைக்கிறது, கணுக்கால் வீங்குகிறது.

ஆலை வாசலோடு இவ்வரலாறு நின்றுவிடவில்லை. பஞ்சு எடுத்தபின் காட்டில் காய்ந்த பருத்திமாரும் சீமைக்கருவேல விறகும், புகைபோக்கி இல்லாத சமையலறைகளில் எரிந்தன. சிறுமியாக அடுப்பூதத் தொடங்கியவர்கள் முதுமைவரை அப்புகையிலேயே இருந்தனர். மருத்துவர் எஸ். பத்மாவதியும் எஸ். என். பாதக்கும் 1959இல் வெளியிட்ட ஆய்வு, நுரையீரல் பழுதால் வலது கீழறை தளரும் இந்த இதயநோய் கொண்ட தில்லி நோயாளிகள் 127 பேரை ஆராய்ந்து, புகைபிடிக்கும் வழக்கம் குறைந்த பெண்களும் ஆண்களுக்கு இணையாகப் பாதிக்கப்பட்டிருந்ததைக் கண்டு, சமையல் புகையை நோக்கி விரல் நீட்டியது. அடுப்படிக் காற்றை ஓர் இதயநோயின் காரணமாக எண்ணிப்பார்த்த அந்த ஆய்வு, கரிசல் வீடுகளுக்கும் அப்படியே பொருந்தக்கூடியது.

இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நோயாளிகள் நாளில் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்றால் அவர்களின் ஆயுள் நீள்கிறது என்பதை 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்க, பிரிட்டானிய ஆய்வுகள் நிறுவின. ஆனால் சுருங்கிய மூச்சுக்குழலை அது விரிப்பதில்லை. கார்டிங் பகுதியிலும் அடுப்படியிலும் போன மூச்சு திரும்புவதில்லை.