மோதிப் பார்த்த கப்பல்கள்

1967 மே 10. ஜப்பான் கடலில் அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பலான ஹார்னெட் தன் பரிவாரத்தோடு பயிற்சியில் இருந்தது. பரிவாரத்தில் ஒன்று வாக்கர் என்ற நாசகாரி. சோவியத் நாசகாரி பெஸ்லெத்னி அதன் பக்கமாக நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒதுங்க வேண்டியது யார் என்பது தீர்வதற்குள் இரும்பும் இரும்பும் உரசின. யாருக்கும் காயமில்லை. வாஷிங்டன் கண்டனம் தெரிவித்தது. அந்தக் கண்டனத்தின் மை காய்வதற்குள், மறுநாளே, வேறொரு சோவியத் கப்பல் வந்து அதே வாக்கரின் உடலில் ஓட்டை போட்டது.

இது தற்செயல் இல்லை. பல வருடங்களாக நடந்துவந்த சீண்டல். விமானந்தாங்கியிலிருந்து விமானம் கிளம்ப வேண்டுமானால் கப்பல் காற்றை எதிர்த்து நேராக ஓடியாக வேண்டும். கடல் விதிப்படி, குறுக்கே வரும் கப்பல் வலப்பக்கத்தில் தெரிந்தால் அதற்கு வழிவிட வேண்டும். சோவியத் கேப்டன்கள் இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். சரியாக அந்த நேரத்தில் வலப்பக்கம் வந்து நிற்பார்கள். விதியை மதித்தால் விமானம் கிளம்பாது, மதிக்காவிட்டால் மோதல். அமெரிக்கர்களும் சாதுக்கள் இல்லை. ஒரே நிறுத்தத்துக்குப் போட்டி போடும் இரண்டு தனியார் பேருந்துகளைப் போல முட்டிக்கொண்டார்கள். வித்தியாசம், இந்தக் கப்பல்களில் பல அணு ஆயுதம் சுமந்தவை.

1968 ஏப்ரலில் அமெரிக்கா, உட்கார்ந்து பேசலாம் என்று மாஸ்கோவுக்குச் சொல்லி அனுப்பியது. பதில் இல்லை. அடுத்த மாதமே கடல் ஒரு பதில் சொன்னது.

மே 25. நார்வே கடலில் எஸ்ஸெக்ஸ் என்ற விமானந்தாங்கியின் அருகே ஒரு சோவியத் டியூ-16 விமானம் மிகத் தாழ்வாகப் பறந்தது. திரும்பும்போது ஒரு பக்க இறக்கை அலையில் பட்டது. அடுத்த நொடி தீப்பிழம்பு. யாரும் பிழைக்கவில்லை. சுட்டு வீழ்த்தப்பட்டது என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, அமெரிக்க மாலுமிகள் அந்த விமானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்கோ அப்போதும் வாய் திறக்கவில்லை.

1970 நவம்பர் 9 இரவு மத்தியதரைக் கடலில், விமானங்களை ஏவிக்கொண்டிருந்த பிரிட்டனின் ஆர்க் ராயல் மீது ஒரு சோவியத் நாசகாரி குறுக்கே புகுந்து மோதியது. சோவியத் மாலுமிகள் சிலர் கடலில் விழுந்தார்கள். எல்லோரையும் மீட்க முடியவில்லை. அந்த மாதமே மாஸ்கோவிலிருந்து செய்தி வந்தது: பேசலாம்.

1971 அக்டோபரில் மாஸ்கோவில் முதல் சுற்று. அமெரிக்கக் குழுவின் தலைவர் ஜான் வார்னர், கடற்படைத் துறையின் துணைச் செயலாளர். (பின்னாளில் நடிகை எலிசபெத் டெய்லரைக் கல்யாணம் செய்துகொண்டவர் இவர்தான்.) எதிரே அட்மிரல் விளாதிமிர் கசதோனவ், பழம்பெரும் கடலோடி. வெளியுறவு அதிகாரிகளும் இருந்தார்கள். ஆனால் பேச்சின் சூத்திரதாரிகள் சீருடைக்காரர்கள். இரு தரப்புக்கும் கடலின் ஆபத்து தெரியும் என்பதால் பாதி வேலை சுலபமாயிற்று. மீதிப் பாதியில் ஒரு முடிச்சு. எத்தனை மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று எண்ணால் எழுதச் சொன்னார்கள் சோவியத்தார். அமெரிக்கர்கள் மறுத்தார்கள். முடிச்சு அவிழாமலே கலைந்தார்கள்.

அந்த டிசம்பரில் வங்காள விரிகுடாவில், வங்கதேசப் போரின்போது, அமெரிக்க விமானந்தாங்கி எண்டர்பிரைஸ் வந்து நிற்க, சோவியத் கப்பல்கள் பின்தொடர்ந்தன. யார் மீதும் யாரும் உரசவில்லை. ஆனால் இரு கடற்படைகளுக்கும் இடையே எழுதி வைத்த விதி எதுவும் அப்போது இல்லை.

1972 மே 3-இல் வாஷிங்டனில் இரண்டாம் சுற்று. ஐந்தே நாளில் இடி விழுந்தது. வியட்நாமின் ஹைபாங் துறைமுகத்துக்குக் கண்ணிவெடி வைக்கப்போவதாக அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார். அங்கே சோவியத் சரக்குக் கப்பல்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன. கசதோனவ் குழு மூட்டை கட்டும் என்றுதான் யாராயிருந்தாலும் நினைத்திருப்பார்கள். கட்டவில்லை. பேச்சு தொடர்ந்தது. மீட்டர் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, மோதல் அபாயம் இல்லாத தூரத்தில் நில் என்ற வாசகத்தில் உடன்பட்டார்கள்.

மே 25, 1972. டியூ-16 கடலில் விழுந்து சரியாக நான்கு வருடம். மாஸ்கோவில் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் ஏவுகணைப் பேரத்தில் இருக்க, வார்னரும் சோவியத் கடற்படைத் தளபதி அட்மிரல் செர்கேய் கோர்ஷ்கோவும் கடல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் ஏவுகணை ஒப்பந்தம் தலைப்புச் செய்தியை விழுங்கிவிட்டது. கடலோடிகளுக்கு அதுவே வசதி.

விதிகள் பத்துக் கட்டளைகளுக்குள் அடங்கின. பீரங்கியோ ஏவுகணைத் தளமோ டார்பிடோ குழாயோ குறிவைத்து விளையாடக் கூடாது. கப்பலின் கட்டுப்பாட்டு மேடை மீது தேடுவிளக்கு அடிக்கக் கூடாது. கப்பலுக்கு மேலே சாகசம் காட்டக் கூடாது. இதற்கான சிறப்புக் கொடிக்குறியீடுகளும் வந்தன: ஒய்-வி-ஒன்று ஏறினால், அடுத்து வருவது இந்தப் பட்டியலிலிருந்து என்று பொருள். எல்லாவற்றையும்விடச் சாமர்த்தியமானது புகார் விதி: தகராறு தூதரகத்தின் கடற்படை அதிகாரி வழியாக மட்டும் போகும். வருடத்துக்கு ஒருமுறை இரு கடற்படைகளும் கூடி, பத்திரிகைக்காரர் இல்லாமல், பட்டியல் போட்டுப் பேசும்.

அடுத்த வருடமே சோதனை. 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போரின்போது மத்தியதரைக் கடலில் 90-க்கும் மேற்பட்ட சோவியத் கப்பல்கள் அமெரிக்கக் கடற்படையைச் சூழ்ந்தன. அமெரிக்கா உலகெங்கும் தன் படைகளை உஷார்ப்படுத்தியது. ஆனால் இரு கடற்படைகளுக்கும் இடையே ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

ஓட்டை இல்லாமல் இல்லை. மூழ்கியிருக்கும் நீர்மூழ்கி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுத இருவருக்கும் மனம் வரவில்லை. 1984-இல் அமெரிக்க விமானந்தாங்கி கிட்டி ஹாக்கும் ஒரு சோவியத் நீர்மூழ்கியும் ஜப்பான் கடலில் மோதின. நீர்மூழ்கியின் விசிறித் துண்டு அமெரிக்கக் கப்பலின் உடலில் மாட்டிக்கொண்டு வந்தது.

சோவியத் யூனியன் கலைந்தது; ஒப்பந்தம் கலையவில்லை. 2014-இல் சீனாவின் சிங்தாவோவில் மேற்குப் பசிபிக் கடற்படைகள் கூடி, சீனாவும் அமெரிக்காவும் உட்பட, எதிர்பாராச் சந்திப்புகளுக்கு ஒரு விதித்தொகுப்பை ஏற்றன. அதிலும் குறிவைக்காதே, விளக்கடிக்காதே என்பவைதான். 2016 ஏப்ரலில் பால்டிக் கடலில் ரஷ்யாவின் சு-24 விமானங்கள் அமெரிக்காவின் டொனால்ட் குக் கப்பலை ஏறக்குறைய 9 மீட்டர் நெருங்கிப் பறந்தன. சுட்டிருக்கலாம் என்றார் அமெரிக்க வெளியுறவுச் செயலர். கேப்டன் சுடவில்லை. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ராணுவ அதிகாரி புகாரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அமெரிக்கர்கள் சுட்டிக்காட்டிய விதி, வார்னரும் கோர்ஷ்கோவும் 1972-இல் கையெழுத்திட்ட தாளில் இருந்தது.